ஏரோ ஒட்டிய பொம்மை

“வியாழன், மாலை 4.10. ஆறாவது முறை. இன்றும் கையெல்லாம் மணல்தான். குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை.”

என் நாட்குறிப்பில், ஒரு செப்டம்பர் மாதப் பக்கத்தில் உள்ள வரிகள் இவை. இருபது வருடங்களுக்கு மேலாக விடாமல் எழுதி வருகிறேன். மழை பெய்த நேரம், மின்சாரம் போய் வந்த நேரம், பாலாற்றில் தண்ணீர் தெரிந்த நாள், படித்து முடித்த புத்தகம் எல்லாம் அதில் உண்டு. இத்தனை பக்கங்களில் இதைவிடத் தவறான குறிப்பு வேறில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்தவற்றில் முக்கியமானது அன்றுதான் நடந்தது. நான் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனை சூப்பர்வைசர் நான். முடிந்த ஷூக்கள் என் மேசைக்கு வரும். தோலில் சுருக்கம், பசைக் கறை, நூல் பிசிறு, கீறல் என்று எது இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஏரோ ஸ்டிக்கரை ஒட்டுவேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய அம்புக்குறி. என்ன குறை என்று அது சொல்லாது, எங்கே என்று மட்டும் காட்டும். ஏரோ ஒட்டிய ஷூ ரீவொர்க்குக்குப் போகும். சரியானால் திரும்பி வரும், ஆகாவிட்டால் ரிஜக்ட். ஒட்டிய கையோடு நான் ஒரு கேள்வி கேட்பேன்: “யார் டேபிள்?” யார் கையில் அந்தக் குறை உண்டானது என்று தெரிந்தால்தான் அடுத்த ஜோடியில் அது வராமல் தடுக்க முடியும்.

லைனில் வேலை செய்கிற பெண்கள் இதை வைத்து என்னைச் சும்மா விடுவதில்லை.

“சார், வூட்ல சாம்பாருக்கும் ஏரோ ஒட்டுவீங்களா?”

“அதுக்கு ஒட்டுனா சாருக்கு சோறு ஏது?”

சாம்பாருக்கு ஒட்டியதில்லை. மகளின் வீட்டுப்பாட நோட்டில் ஒட்டியிருக்கிறேன். எழுத்துப் பிழைக்கு ஒன்று, கூட்டல் பிழைக்கு ஒன்று. அவளுக்கு அப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவளும் சிரிப்பாள், தானே பிழையைக் கண்டுபிடித்து ஏரோ ஒட்டி என்னிடம் கொண்டுவருவாள். இது நல்ல விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு என் மனைவிக்கு வயிற்று வலி வந்தது. பித்தப்பையில் கல். வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். சிறு துளை போட்டு முடிக்க நினைத்தது முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. பிறகு புண்ணில் சீழ் வைத்தது. இருபத்து மூன்று நாள் அங்கேயே இருந்தாள். வார்டுக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள். மனைவியின் தங்கை வீட்டுக்கு வந்து மகளைப் பார்த்துக்கொண்டாள்.

முதல் நாள் இரவு மகள் கேட்டாள், “அம்மா எங்க?” ஏழு வயதுக் குழந்தையிடம் ஆபரேஷன், ரத்தம் என்றெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். அவளுக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன் என்ற நினைப்பில் இப்படிச் சொன்னேன்:

“அம்மாவுக்கு உள்ள ஒரு சின்ன டேமேஜ்மா. ரீவொர்க்குக்குப் போயிருக்காங்க. சரி பண்ணி அனுப்பிடுவாங்க.”

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு பக்குவமாகச் சொல்லிவிட்டோம் என்று அன்றைய குறிப்பில் எழுதியும் வைத்தேன்.

மனைவி ஜூலையில் வீடு திரும்பினாள். மகள் அவளிடம் போகவில்லை. கதவோரம் நின்று பார்த்தாள். “வாடி” என்று கை நீட்டினால் ஒரு அடி பின்னால் போனாள். அதுவரை அம்மாவின் மேல் காலைப் போட்டுத் தூங்கியவள், சுவரோரமாகப் பாயைப் போட்டுப் படுத்தாள். சோறு ஊட்டப் போனால் தட்டை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். பள்ளியில் பென்சில் பெட்டிகளை மிதித்து உடைத்தாள். தன் முன்கையைத் தானே கடித்துக்கொண்டாள். பல் தடம் பதிந்த இடத்தை வகுப்பு டீச்சர் என்னிடம் காட்டினார்.

“இருபத்து மூணு நாள்ல என்னை மறந்துட்டாளாங்க?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள். வலிக்காக அழாதவள், இதைக் கேட்கும்போது அழுதாள்.

அந்த டீச்சர்தான் வேலூரில் குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாகச் சிகிச்சை தரும் ஓர் இடத்தைச் சொன்னார். ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து வியாழன்தோறும் எனக்கு அரை நாள் லீவு, அவளுக்கு மதியத்தோடு பள்ளி முடிந்தது. ஆம்பூரிலிருந்து பஸ். ஜன்னல் ஓரம் அவளுக்கு.

அங்கே இருந்த சிகிச்சையாளர் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். வேலூரை அடுத்த அணைக்கட்டுப் பக்கம் சொந்த ஊர். மகள் அவரை மிஸ் என்றாள். அவர் என்னை “அப்பா” என்றே கூப்பிட்டார். அங்கே வருகிற எல்லா அப்பாக்களுக்கும் அதுதான் பெயர்.

அறையைத் திறந்து காட்டினார். தாழ்வான அலமாரி. பொம்மை வீடு, கட்டில், டாக்டர் பெட்டி, ரப்பர் பாம்பு, களிமண், மர டிரேயில் மணல். எந்தப் பொருளும் வாரா வாரம் அதே இடத்தில்தான் இருக்கும் என்றார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. மற்றது பிடிக்கவில்லை.

“இங்க நீ இஷ்டப்பட்ட மாதிரி விளையாடலாம்” என்று மகளிடம் சொன்னார். “உனக்கு வலிக்கக் கூடாது, எனக்கு வலிக்கக் கூடாது. அவ்ளோதான்.”

நான் கேட்டேன், “மேடம், இதுல டெஸ்ட் ஏதாவது இருக்கா? ரிப்போர்ட் எப்ப வரும்?”

“விளையாடட்டும் அப்பா.”

“விளையாட்டு வூட்டுலயும் விளையாடறாளே.”

“வீட்ல நாம அவ விளையாட்டைத் திருத்துவோம். இங்க யாரும் திருத்த மாட்டோம்.”

உள்ளே நடப்பதை ஒவ்வொன்றாக எனக்குச் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அது குழந்தைக்குரிய ரகசியம், பெற்றோருக்குத் தேவையானது மட்டும் அவ்வப்போது வரும். என் நாட்குறிப்பைப் பற்றித் தெரிந்ததும் ஒரு வேலை கொடுத்தார்.

“வீட்ல பாக்கறதை எழுதுங்க. எப்ப, எங்க, என்ன. ‘ஏன்’ மட்டும் எழுதாதீங்க.”

எழுதினேன். ஆகஸ்ட் முழுவதும் கடித்தது எத்தனை முறை, எந்த நேரம் என்று எழுதினேன். மாத முடிவில் பக்கங்களைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. வீட்டில் அவள் கடித்துக்கொள்வது எப்போதுமே அம்மா வலியில் முனகிய பிறகு. நான் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக் கதை சொன்ன நாட்களில் அது ஜாஸ்தி. ஏன் என்று எழுதக் கூடாது என்பதால் எழுதவில்லை. சிகிச்சையாளரிடம் பக்கத்தைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

“கம்பெனிக் கதைன்னா என்ன அப்பா?”

சொன்னேன். அன்று எந்த மேசையில் என்ன தப்பு நடந்தது, யார் செய்தது, எப்படிக் கண்டுபிடித்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஆறாவது வியாழன், நான் “ஒன்றும் நடக்கவில்லை” என்று எழுதிய நாள், வீட்டுக்கு வந்து சட்டைப் பையைக் காலி செய்தபோது ஏரோ ஸ்டிக்கர் தாள் ஒன்று குறைந்தது. கம்பெனியில் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். ஏழாவது வாரம் முடிந்து வெளியே வந்த சிகிச்சையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே துணிப் பொம்மை, சிறுமி. பாவாடையைத் தூக்கிக் காட்டினார். கால், வயிறு, முதுகு, உள்ளங்கை எல்லா இடத்திலும் சிவப்பு ஏரோ. நாற்பதுக்குக் குறையாது.

“போன வாரம் ஒட்டினா. ஒட்டிட்டு மணல்ல புதைச்சா. இந்த வாரமும் எடுத்துப் புதைச்சா. இது என்ன ஸ்டிக்கர்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். பிறகு ஏரோ, ரீவொர்க், “யார் டேபிள்” எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியைப் பற்றி மகளிடம் சொன்னதையும் சொன்னேன்.

“அடுத்த வாரம் நீங்களும் உள்ள வாங்க” என்றார். “அவ சொல்றதைச் செய்ங்க. கேள்வி கேக்காதீங்க. திருத்தாதீங்க.”

எட்டாவது வாரம் உள்ளே போனேன். மகள் பொம்மை வீட்டுக் கட்டிலில் அம்மா பொம்மையைப் படுக்க வைத்தாள். ஏரோ ஒட்டிய சிறுமியை எடுத்து, மீதியிருந்த ஒரு ஏரோவை அதன் நெற்றியில் ஒட்டினாள். நான் பதினாறு வருடம் பரிசோதனை மேசையில் இருந்தவன். கை தானாகப் போனது.

“இங்க டேமேஜ் ஒண்ணும் இல்லையேம்மா” என்று நெற்றியிலிருந்து அதை உரித்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பொம்மையை அலமாரியில் வைத்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் தேற்றத்தான் அப்படிச் செய்தேன். ஆனால் அவள் சொல்ல வந்ததை நான் செல்லாது என்று ஒதுக்கிவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியவள் ஆம்பூர் வரை திரும்பவில்லை.

ஒன்பதாவது வாரம் “அப்பா வெளிய இருக்கட்டும்” என்றாள். இருந்தேன். பத்தாவது வாரம் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள், “அப்பா வரட்டும் மிஸ். ஆனா கம்முனு இருக்கணும்.”

அன்று அவள் ஒரு குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு, டாக்டர் பெட்டியை மேசையாக வைத்து உட்கார்ந்தாள். என்னைத் தரையில் நிற்கச் சொன்னாள். மணலைத் தோண்டிச் சிறுமிப் பொம்மையை எடுத்து மேசை மேல் போட்டாள். குரல் மாறியது. அது என் குரல்.

“யார் டேபிள்?”

நான் சிகிச்சையாளரைப் பார்த்தேன். அவர் கையால் வாயை மறைத்துக் காட்டினார். அதை வெளியே முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்: என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் ரகசியமாக அவளிடமே கேட்க வேண்டும், நாமாகக் கதை கட்டக் கூடாது.

“யார் டேபிள்னு கேக்கறேன்ல?”

வாயை மறைத்துக் கிசுகிசுத்தேன், “நான் இன்னா சொல்லணும்?”

அவளும் வாயை மறைத்துக்கொண்டாள். “நான்தான் சார்னு சொல்லு.”

“நான்தான் சார்.”

“இன்னா பண்ண?”

மறுபடி கிசுகிசுத்தேன், “இன்னா பண்ணேன்?”

“குதிச்சேன்னு சொல்லு. அம்மா வயித்து மேல. ஞாயித்துக்கிழமை.”

அதை நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். “ஞாயித்துக்கிழமை அம்மா வயித்து மேல குதிச்சிட்டேன் சார்.” திங்கட்கிழமை காலை வலி வந்தது. ஜூனிலிருந்து அந்தக் கணக்கை இந்தக் குழந்தை தனியாகச் சுமந்திருக்கிறது. டேமேஜ் என்று ஒன்று இருந்தால் அதைச் செய்த கை ஒன்று இருக்கும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

“அப்புறம்?” என்று கிசுகிசுத்தேன்.

“அழு.”

அழுவது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

“சத்தமா” என்று சூப்பர்வைசர் உத்தரவு போட்டாள்.

சத்தமாக அழுதேன். அவள் பொம்மையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நான் லைனில் ஷூவைப் பார்க்கிற அதே மாதிரி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி. பிறகு ஒரு ஏரோவை உரித்தாள். அடுத்ததை உரித்தாள். எல்லாவற்றையும் இல்லை, ஆறோ ஏழோ. உரித்ததை டாக்டர் பெட்டியின் மூடியில் வரிசையாக ஒட்டினாள்.

“சரி சரி, அழாத. போய் வேலையைப் பாரு.”

அதுவும் நான் சொல்வதுதான். லைனில் யாராவது கண் கலங்கினால் நான் சொல்லும் ஒரே ஆறுதல்.

சிகிச்சையாளர் மெதுவாகச் சொன்னார், “அந்த சார் திட்டல.”

“நாளைக்குத் திட்டுவாரு” என்றாள் மகள்.

“இன்னிக்குத் திட்டல.”

“இன்னிக்கு இல்ல.”

வெளியே வந்ததும் அவளைத் தூக்கி, “உன் தப்பு இல்லடா” என்று சொல்லத் துடித்தேன். சிகிச்சையாளர் அதற்கு முன்பே என்னை ஓரமாக அழைத்துவிட்டார். உள்ளே விளையாட்டில் சொன்னதை வெளியே எடுத்துப் பேசக் கூடாது. அது பொம்மை சொன்னது, அவள் சொன்னதாக நாம் காட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் உண்மையான நோய் என்ன என்பதை வீட்டில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து, ஒரு தடவை, நேரடியாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டால் பதில். கேட்காவிட்டால் விட்டுவிட வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூவரும் உட்கார்ந்தோம். பித்தப்பையிலிருந்து எடுத்த கற்களை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மூடி போட்ட குப்பியில் கொடுத்திருந்தார்கள். பீரோவின் மேல் இருந்தது. மனைவி அதை எடுத்துவந்தாள்.

நான் ஆரம்பித்தேன். “அம்மா ரீவொர்க்குக்குப் போயிருக்காங்கன்னு அப்பா சொன்னேன்ல, அது தப்பு. அம்மா ஷூ இல்ல.”

மனைவி என்னைப் பார்த்தாள். “இன்னாங்க, என்னை ஷூன்னா சொல்லி வச்சிருந்தீங்க?”

“ஒரு உதாரணத்துக்கு...”

“நல்லா சொன்னீங்க போங்க.” அவள் மகளிடம் திரும்பினாள். “தோ பாரு. அம்மா வயித்துல இது இருந்துச்சு. கல்லு. டாக்டர் வெட்டி எடுத்துட்டாரு. கொஞ்சம் கொஞ்சமா வளருமாம், வருஷக் கணக்கா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கூட இருந்திருக்கும்னாரு.”

மகள் குப்பியை வாங்கி ஆட்டினாள். கற்கள் கடகடத்தன. விளக்குக்கு நேராகப் பிடித்து எண்ணினாள். பதினொன்று.

“இது குதிச்சா வருமா?” என்று குப்பியிடம் கேட்பது போலக் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். மனைவி என் முழங்காலைத் தொட்டு நிறுத்தினாள்.

“வராது” என்றாள். “நீ குதிச்சா எனக்கு மூச்சு முட்டும். கல்லு வராது.”

மகள் இன்னொரு தடவை எண்ணினாள். குப்பியைத் தன் பள்ளிப் பைக்கு அருகில் வைத்துவிட்டு, சுவரோரப் பாயில் போய்ப் படுத்தாள். அன்று அவ்வளவுதான். அம்மாவைத் தொடவில்லை. நான் அதை எதிர்பார்த்தேன் என்பதை மறுக்கவில்லை. மனைவியும் எதிர்பார்த்தாள்.

இன்னும் மூன்று வியாழக்கிழமைகள் போய் வந்தோம். பொம்மையிலிருந்த ஏரோக்கள் வாரத்துக்குச் சில என்று குறைந்தன. ஒரு வாரம் ரப்பர் பாம்பு சூப்பர்வைசரைக் கடித்தது. அது எனக்கு நியாயமாகவே பட்டது. கடித்துக்கொண்ட குறிப்புகள் என் பக்கங்களில் கம்மியாகி, அக்டோபர் கடைசியில் நின்றன. சாப்பாட்டு நேரத்துக் கம்பெனிக் கதைகளை நான் நிறுத்திவிட்டேன். கம்பெனியில் “யார் டேபிள்” என்று இன்றும் கேட்கிறேன், அங்கே அது தேவை. வீட்டுக்கு வரும்போது ஸ்டிக்கர் தாளை லாக்கரில் வைத்துவிட்டு வருகிறேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்றே காலுக்கு, மனைவி தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு காம்பு உருவினாள். பிறகு ஒரு விரலால் அம்மாவின் புடவை மேல், தழும்பு இருக்கும் இடத்தைத் தொட்டாள்.

“இங்கயா?”

“இன்னும் கொஞ்சம் மேல.”

“வலிக்குதா?”

“இப்ப இல்ல. உன் கை சில்லுன்னு கீது.”

மகள் முழுக் கையையும் அங்கே வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே மடியில் சாய்ந்தாள். மனைவி கீரைத் தட்டைக் காலால் தள்ளிவிட்டாள். நான் கதவருகே நின்றிருந்தேன்.

“நோட்டுல எழுதுங்க” என்றாள் மனைவி, தலையைத் திருப்பாமல். “டைம் போட்டு எழுதுங்க.”

எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.

ஒரே ஒரு விஷயம் மிச்சம். அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். காலை எட்டு முதல் பத்தே கால் வரை மின்சாரம் இல்லை. மதியம் வீட்டில் விருந்தினர் இல்லை. மாலை தூறல். அவ்வளவுதான் இருக்கிறது. மனைவியைக் கேட்டால், “டெய்லி குதிப்பா, எந்த நாள்னு யார் கண்டா” என்கிறாள். மகளைக் கேட்கக் கூடாது, கேட்கவும் மாட்டேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இன்று மகள் அம்மாவின் வயிற்றின் மேல் குதித்ததாகச் சொல்லப்படுகிறது, உறுதி செய்யப்படவில்லை.